ஒராள் நிக்கவேணும்

நோர்வேயில் அவர் போகாத இடம் இல்லை. பார்த்த இடமும் ஒன்றும் இல்லை. இதை நான் பகிடியாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அவரை முன்னால் வைத்துக்கொண்டே. அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது தெரிந்தும் என்னோடு பன்னிரண்டு வருடம் பழகியவர் அவர்.

ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் கட்டடத்தில்தான் இருந்தார். நாங்கள் இரண்டாம் மாடி, அவர் மூன்றாம் மாடி. உறவு எதுவும் இல்லை. எனக்கு அக்கா, என் கணவருக்கும் அக்கா, மகளுக்கு அன்ரி. அவருக்கு நான் பிள்ளை, என் கணவர் தம்பி. ஐம்பதைத் தாண்டிய தனியாள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. குட்டையான உருவம், எப்போதும் இரண்டு அளவு பெரிய குளிர்ச்சட்டை, கையில் ஒரு பச்சைத் துணிப்பை.

எங்கள் வீட்டில் யூலை மாதம் பிறந்தால் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். காரின் பின்பக்கத்தில் கூடாரம், சோறு காய்ச்சும் சட்டி, ஒரு வாளி கத்தரிக்காய்க் குழம்பு. மகளுக்கு இரண்டு வயதானபோது அக்காவையும் வரச்சொல்லிக் கேட்டேன். அன்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளையைப் பார்க்க ஒரு கை கிடைக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுத்தான் கேட்டேன். அவர் உடனே வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு கோடையும் வந்தார்.

முதல் பயணம் ஸ்தவாங்கர் பக்கம். கடலுக்கு மேலே மேசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் பாறையைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து சனம் வரும். கார் தரிப்பிடத்தில் இறங்கி, பிள்ளையை முதுகுப்பையில் இருத்தி, சப்பாத்துக் கட்டி நிமிர்ந்தால், அக்கா பைகளை எல்லாம் வெளியே எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டு நிற்கிறார். பெரியது பின்னால், சின்னது முன்னால்.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் சாமானோட நிக்கிறன்."

"அக்கா, அதையெல்லாம் காருக்கை வைச்சுப் பூட்டலாம். இஞ்சை ஆர் களவெடுக்கப் போகினம்?"

"களவுக்கில்லைப் பிள்ளை. ஒராள் நிக்கவேணும்."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கழுத்தில் கிடந்த சிவப்புச் சால்வையைக் கழற்றிக் காரின் பக்கக் கண்ணாடியில் கட்டிவிட்டு, அதன் பக்கத்தில் நின்றார். நாங்கள் நான்கு மணித்தியாலம் கழித்து, கால்கள் பின்ன, திரும்பி இறங்கும்போது அந்தச் சிவப்புத்தான் முதலில் கண்ணில் பட்டது. பிறகு அதன் கீழே அக்கா. நின்றபடி.

"நாலு மணித்தியாலமும் நிண்டனீங்களே? காருக்கை இருந்திருக்கலாமே."

"இருந்தால் தெரியாது. நிண்டால்தான் தூரத்துக்குத் தெரியும்."

என் கணவர் அன்றைக்கே அந்தச் சால்வைக்குக் கொடியேற்றம் என்று பெயர் வைத்துவிட்டார். எங்கே போனாலும், "அக்கா, கொடியை ஏத்துங்கோ" என்பார். அக்காவும் சிரித்துக்கொண்டே கட்டுவார்.

திரும்பி வருகிறவர்களுக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கும், இஞ்சி இடித்துப் போட்டது. ஆளுக்கு ஒரு துண்டு பட்டர் கேக். கோப்பையைக் கையில் தந்தபிறகு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார்: "என்ன கண்டனீங்கள்?"

சும்மா மரியாதைக்குக் கேட்கிற கேள்வி என்று முதலில் நினைத்தேன். அவர் நீதிமன்ற விசாரணை போல அல்லவா நடத்தினார்! "தம்பி சொல்லுறார் தண்ணி பச்சை எண்டு. நீர் நீலம் எண்டுறீர். எது சரி?" "விளிம்பில இருந்து கீழை பாக்கேக்கை வயித்துக்கை என்ன செய்தது?" "அந்தச் சப்பான்காரப் பெட்டை அழுதவ எண்டனீர், ஏன் அழுதவ?" நான் கவனிக்காத எதையாவது கேட்டு என்னை மாட்டிவிடுவார். இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகு, மலையில் நிற்கும்போதே, இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்க்கப் பழகிவிட்டேன். என் கண்ணுக்குக் கூர்மை வந்தது அப்படித்தான்.

மகள் வளர்ந்ததும் கதை கட்ட ஆரம்பித்தாள். ஒருமுறை மலை உச்சியில் ஓர் ஆடு அப்பாவின் தொப்பியைப் பறித்துத் தின்றுவிட்டது என்றாள். தொப்பி காற்றில் போனதுதான் உண்மை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருடம் பேர்கனில் ஓர் ஆட்டைக் கண்டதும், "தம்பி, தொப்பி கவனம்" என்றார். உண்மையைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அவர் வேலை செய்த இல்லத்துக்கு ஒருநாள், பூட்டிய எங்கள் வீட்டைத் திறக்க, அவரிடமிருந்த மற்றத் திறப்பை வாங்கப் போனேன். சாப்பாட்டு அறையில் ஒரு நோர்வேக் கிழவருக்குச் சூப் பருக்கிக்கொண்டு, அவருக்குத் தெரிந்த உடைந்த நோர்வேஜிய மொழியில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால், அது நாங்கள் போய்வந்த லொஃபோத்தன் தீவு. எந்த வளைவில் காற்று அடிக்கும், மீன் காயும் கம்பங்களுக்குக் கீழே என்ன மணம், எல்லாம் என் வாயிலிருந்தும் கணவர் வாயிலிருந்தும் எடுத்தவை. கிழவர் அந்தப் பக்கத்து மீன்பிடிகாரர். வாயைத் திறந்து திறந்து சூப்பை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, "உன் சிநேகிதி என் ஊரை என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறாள்" என்றார். அக்கா என்னைப் பார்க்காமல் அடுத்த கரண்டியை அள்ளினார்.

அவரிடம் எனக்கு எரிச்சல் வந்த நாட்களும் உண்டு. ஒருமுறை ஒஸ்லோ மத்திய நிலையத்துக்கு முன்னால் நிற்கும் புலிச்சிலைக்குக் கீழே சந்திப்போம் என்று பேசி, நான் நாளை மாற்றி விளங்கிக்கொண்டு, கைபேசியையும் அணைத்துவிட்டு ஒரு கூட்டத்தில் இருந்தேன். வெளியே வந்து பார்த்தால் அவரிடமிருந்து ஒரேயொரு செய்தி: நிக்கிறன். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணித்தியாலம் ஆகியிருந்தது. மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. அவர் சிலையின் கால்மாட்டில் நனைந்துபோய் நின்றார்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? வீட்டை போயிருக்கலாமே!"

"நான் போன பிறகு நீர் வந்தால்?"

நான் அவரைத் தே-பானே நிலக்கீழ் ரயிலில் ஏற்றி, மோர்டென்ஸ்ருட் வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன். அதாவது ஏசிக்கொண்டே வந்தேன்.

மகளுக்கு ஒன்பது வயதான கோடையில் ஐஸ்லாந்துக்குப் போனோம். ஒஸ்லோவிலிருந்து மூன்று மணித்தியாலம்கூட இல்லாத பறப்பு. ஆனால் நாங்கள் போன இடம் அந்தத் தீவின் நடுவே இருக்கும் எரிமலைக் காடு. காடு என்றால் மரம் இல்லாத காடு. பெரிய சில்லுப் பூட்டிய ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பாலமே இல்லாத ஆறுகளுக்குள் இறக்கி ஏற்றி, கறுப்பு மண்ணில் அரைநாள் ஓடினால், கடைசியில் ஒரு மரக்குடில் வருகிறது. நடந்து திரிகிறவர்கள் தங்கும் குடில். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் இளம்பெண். சுற்றிவர மஞ்சளும் செம்மண்ணிறமும் சாம்பலுமாக மொட்டை மலைகள். அவற்றின் வெடிப்புகளில் இருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. கூழ்முட்டை நாற்றம் வேறு.

முதல்நாள் அக்கா வழக்கம்போல ஜீப்பில் கொடியேற்றி, சாமானோடு நின்றார். நாங்கள் திரும்பி வந்து சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு மனுசி இவ்வளவு தூரம் பறந்து வந்து, ஆறு கடந்து வந்து, ஜீப் தரிப்பிடத்தைப் பார்த்துவிட்டுப் போவதா? இந்த முறை இவரை ஒரு மலையிலாவது ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அடுத்தநாள் காலை கணவரும் மகளும் எரிமலை வாயைப் பார்க்கப் புறப்பட்டார்கள். வழி நெடுக மரக்கட்டை நட்டு அடையாளம் போட்டிருந்தது. போய்வர இரண்டு மணித்தியாலம். நான் முழங்கால் நோகிறது என்று பொய் சொல்லித் தங்கிவிட்டேன். அவர்கள் மறைந்ததும் அக்காவிடம் போனேன்.

"அந்தா தெரியுது, சிவப்பு மேடு. ஒரு மணித்தியாலம் விடுப்புப் புதினம் பாத்திட்டு ஓடி வருவம். வாங்கோ."

"நீர் போட்டு வாரும். ஒராள் நிக்கவேணும்."

"அவை ரெண்டு பேரும் இப்ப வரமாட்டினம். வேறை ஆர் வரப்போகினம்?"

"இல்லைப் பிள்ளை."

அப்போதுதான் என் நீள வாய் திறந்தது. "உங்களை ஒவ்வொரு வருசமும் கூட்டிக்கொண்டு வாறது இதுக்கே அக்கா? நாய் காவல் காக்கிற மாதிரி இதிலை நிக்கிறதுக்கே? எங்களுக்கு ஒண்டையும் நிம்மதியாப் பாக்கேலாமல் கிடக்கு."

அவர் முகம் செத்துப்போயிற்று. பைகளை ஒன்றொன்றாகத் தூக்கி ஜீப்புக்குள் வைத்தார். நான் பூட்டினேன். காற்று கடுமையாக இருந்தது. "காது குளிரும். சால்வையை எடுத்துத் தலையில கட்டுங்கோ" என்று சொன்னதும் நான்தான். கண்ணாடியில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார்.

நான் இன்றைக்கும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த ஒரு மணித்தியாலத்தை. முதல் பத்து நிமிடம் அடிக்கொருமுறை திரும்பி ஜீப்பைப் பார்த்தார். மேட்டில் ஏறி, முதல் ஆவி வெடிப்பைக் கண்டதும் நின்றார். குனிந்து நிலத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"பிள்ளை, சுடுதடி! அடுப்படி மாதிரிச் சுடுது!"

அதன்பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளை போல ஒரு வெடிப்பிலிருந்து மற்ற வெடிப்புக்குப் போனார். ஒரு மலையைக் காட்டி மஞ்சள்தூள் என்றார், இன்னொன்றைக் காட்டி மிளகாய்த்தூள் என்றார். பாறை இடுக்கில் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. ஒரு சிட்டிகை கிள்ளித் தன் நெற்றியில் பூசி, எனக்கும் பூசிவிட்டார். "மலை தானா எரிஞ்சு தந்த திருநீறு" என்றார். அது அன்று முழுக்க எங்கள் நெற்றியைக் கடித்தது வேறு கதை.

எனக்கு வெற்றி பெற்ற சந்தோசம். அவரைப் போலவே கைகட்டி நின்று, "என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினார். சூடான நிலம் ஒன்று. கொதிக்கிற சேறு ஒன்று. பச்சைப் பாசி ஒன்று, அது கண்ணைக் கூசுது. நாலாவதைச் சொல்ல வாய் எடுத்தபோது, அவருக்குப் பின்னால் மஞ்சள்தூள் மலை இல்லாமல் போயிருந்ததை நான் கண்டேன். பனிமூட்டம் இறங்கிவிட்டது.

வழியில் நட்டிருந்த அடையாளக் கட்டைகளைத் தடவாத குறையாக இறங்கி வந்தோம். தரிப்பிடத்தில் ஒரே மாதிரி மூன்று ஜீப்புகள் மங்கலாக நின்றன. அதில் ஒன்றின் பக்கத்தில் என் கணவர் நின்றார். தனியே.

"பிள்ளை எங்கை?" என்று அவர் என்னைக் கேட்டார்.

அதே நேரத்தில் நானும் அதையேதான் கேட்டேன்.

மகளுக்குக் கால் நொந்து, பாதியில் அடம் பிடித்திருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் தரிப்பிடம் தெரிந்திருக்கிறது. வழி நேர் வழி. இவர் அவளை இறங்கிப் போகச் சொல்லிவிட்டு, எரிமலை வாயை ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வரப் போயிருக்கிறார். "அக்கா நிப்பா எண்டுதானே அனுப்பினனான்" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். "அக்கா எப்பவும் நிப்பாதானே."

ஏழு வருடமாக நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். அவரைப் பகிடி பண்ணிக்கொண்டே, அவர் அங்கே நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் தூரம் தூரமாகப் போனோம். அது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

குடில்காரப் பெண் மீட்புக்குழுவுக்கு அழைப்பு எடுத்தாள். பக்கத்து முகாமிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கணவர் அவர்களோடு போனார். நான் வாய்க்கு வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஓட வெளிக்கிட்டபோது, அக்கா என் கையைப் பிடித்தார். அந்தப் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

"நீரும் போகாதையும். நீர் குடிலடியில நில்லும். நான் இதிலை நிக்கிறன்."

ஜீப்பின் கூரைக் கம்பியில் சால்வையைக் கட்டினார். சோறு காய்ச்சும் சட்டியை வெளியே எடுத்தார். அகப்பையால் அடிக்கத் தொடங்கினார். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அவர் கை ஓயவில்லை. நான் மாறி அடிக்கிறேன் என்று கேட்டேன். அவருக்கு நான் சொன்னது கேட்டதாகத் தெரியவில்லை. முகத்தில் சாம்பல் வியர்வையோடு கரைந்து வழிந்தது. வாய் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது என் மகளின் பெயர் இல்லை.

பிள்ளை கிடைத்தாள். மீட்புக்குழுக்காரர் கண்டபோது, குடிலுக்குக் கொஞ்சத் தூரத்தில், சத்தம் வந்த பக்கம் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாளாம். ஒரு கையுறை இல்லை, முழங்காலில் சிராய்ப்பு, உடம்பெல்லாம் நடுக்கம். என் மடியில் விழுந்து அழுதுகொண்டே சொன்னாள்: "அன்ரி இல்லை அம்மா. சிவப்புச் சால்வையும் இல்லை. வேறை ஆக்களின்ரை ஜீப் எண்டு நினைச்சன். உங்களைத் தேடிப் போனன். பிறகு தோக்கெ வந்திட்டுது, அந்த மூட்டத்திலை ஒண்டும் தெரியேல்லை. பிறகு ஆரோ சட்டி தட்டினது கேட்டது."

அக்கா சட்டியைக் கீழே வைத்தார். பிளாஸ்கைத் திறந்து பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது. பிள்ளை இரண்டு மிடறு குடித்தபிறகு, எப்போதும் போலக் கேட்டார்: "என்ன கண்டனீர், செல்லம்?"

"வழி மாறின இடத்திலை ஷெம்பெ பெரிய, சரியான பெரிய குழி அன்ரி" என்றாள் மகள், விக்கிக்கொண்டே. "அதுக்குள்ளை நீலத் தண்ணி."

கணவரும் மகளும் பின்னேரமே குடிலுக்குள் நித்திரையாகிவிட்டார்கள். வெளியே வெளிச்சம் குறையவே இல்லை. நானும் அக்காவும் மரப்படியில் இருந்தோம். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவ. கடைக்குட்டி. ஒன்பது வயசு."

நாட்டில் போரால் அந்தப் பெரிய இடப்பெயர்வு நடந்த நாள். முழு யாழ்ப்பாணமும் ஒரே ரோட்டில், மழைக்குள். இவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒரு மதகடியில் பைகளை இறக்கி, தங்கச்சியை அதன் மேல் இருத்திவிட்டு, தாய் தண்ணீர் தேடிப் போயிருக்கிறார். சாமானோட நில், தங்கச்சியைப் பார் என்று சொல்லிவிட்டு.

"கொஞ்சம் முன்னுக்கு ஒரு வண்டிலுக்குக் கீழை ஒரு பெட்டைக்குப் பிள்ளை பிறந்திட்டுது எண்டு சனம் கூடி நிண்டது. தங்கச்சியை அசையாதை எண்டு சொல்லிப்போட்டு விடுப்புப் பாக்கப் போனனான். பத்து நிமிசம் இருக்காது. அவ்வளவு சாவுக்கை ஒரு பிள்ளை பிறந்திட்டுதெண்டு எல்லாரும் சிரிக்கினம். நானும் சிரிச்சனான். திரும்பி வாறன், சாமான் எல்லாம் வைச்சது வைச்ச மாதிரியே கிடக்கு."

நான் படியில் அவர் பக்கமாக நகர்ந்து இருந்தேன்.

"என்னைத் தேடிப் போயிருப்பா. வேறையென்ன? அம்மா சாகுமட்டும் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கேல்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை."

"அக்கா, நான் இண்டைக்குச் சொன்னது…"

"அதை விடும். நீர் சொன்னதுக்காக மட்டும் நான் வரேல்லை. எனக்கும் பாக்க ஆசையாத்தான் இருந்தது. அந்த மேட்டில ஒரு மணித்தியாலம் நான் அவ்வளவு சந்தோசமா இருந்தனான் பிள்ளை. அண்டைக்கும் அப்பிடித்தான், சிரிச்சுக்கொண்டு நிண்டனான். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அதற்குப் பிறகு அவர் எங்களோடு ஒரு பயணமும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அவரைக் காணும்போதெல்லாம் நான் சொன்ன சொல் என் முன்னால் வந்து நின்றது. நாய் என்ற சொல். அவர் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கோடையில் நாங்கள் வடக்கே போய்த் திரும்பி வந்து காரை நிறுத்தியபோது, மூன்றாம் மாடி பல்கனிக் கம்பியில் சிவப்புச் சால்வை கட்டியிருந்தது. தேத்தண்ணியோடு இறங்கி வந்தார். என்ன கண்டனீங்கள் என்று கேட்டார். நான் கண்டதையெல்லாம் சொன்னேன். நிறையச் சொன்னேன். வேறு எதைக் கொடுத்து அந்தச் சொல்லைத் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வருடம் அவருக்குப் படி ஏற முடியாமல் போயிற்று. இதய வால்வு பழுது, சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். ஒரு தம்பி கனடாவில் இருந்தார், அவரால் உடனே வர முடியவில்லை. நான் லீவு போட்டுவிட்டுக் காலையில் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பச்சைத் துணிப்பையையும் கொண்டுவந்திருந்தார். "இதெல்லாம் எதுக்கு அக்கா? உடுப்பு அவையே தருவினம்" என்றேன். அவர் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

கட்டிலில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் பக்கத்தில் நடந்தேன். கடைசிக் கதவு வந்ததும் தாதி என்னை நிற்கச் சொன்னாள். அக்கா காலடியில் வைத்திருந்த பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீர் சாமானோட நில்லும். நான் போட்டு வாறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். கதவு மூடியது.

நான்கு மணித்தியாலம் என்றார்கள். ஆறு ஆயிற்று. பிறகு ஒரு வைத்தியர் வந்து என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், இருக்கச் சொல்லி, தானும் இருந்து, மெதுவாகச் சொன்னார். வால்வை மாற்றியாயிற்று. ஆனால் இதயம் திரும்ப ஓட மறுத்துவிட்டது. எல்லாம் செய்து பார்த்தோம் என்றார். கணவருக்கு அழைப்பு எடுத்துச் சொன்னேன். என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. தாதி வந்து, வீட்டுக்குப் போக டக்சி கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து என்றேன். எழுந்து திரும்பவும் அந்தக் கதவுக்கு முன்னாலேயே போனேன்.

கனடாத் தம்பியின் இலக்கத்தைத் தேடித்தான் பையைத் திறந்தேன். மேலே சிவப்புச் சால்வை மடித்துக் கிடந்தது. அதற்குக் கீழே, கடதாசியில் சுற்றிய ஒரு துண்டு பட்டர் கேக். அதற்கும் கீழே பிளாஸ்க்.

முதல்நாள் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் எழும்பி, மூச்சு வாங்க வாங்க, அடுப்படியில் நின்று இஞ்சி இடித்திருக்கிறார். மூடியில் ஊற்றினேன். ஆவி வந்தது. வாயில் வைத்தேன். சீனி இல்லை. நான் சீனியை விட்டு ஒரு வருடம். வீட்டில் என் கணவர் இன்னமும் மறந்து போட்டுத் தருகிறார்.

நான் வாய்விட்டு அழுதேன். நடைவழியில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கதிரையிலிருந்து எழும்பி நின்றேன். இருந்தால் தெரியாது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நடைவழியின் மறுபக்கத்தில் லிஃப்ட் திறந்தது. மகள் முன்னாலும் கணவர் பின்னாலும் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். மகள் என்னைக் கண்டுவிட்டு ஓடிவந்தாள். பன்னிரண்டு வயது, என் தோள் உயரம்.

"அப்பா சொன்னவர்" என்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"வீட்டை போவமா?" என்று கணவர் கேட்டார்.

மகள் மூடிய கதவைப் பார்த்தாள். என் காலடியில் இருந்த பச்சைப் பையைப் பார்த்தாள். பிறகு அதன் மற்றப் பக்கத்தில் வந்து, நேராக நின்றாள்.

"கொஞ்ச நேரம் நிப்பம் அம்மா."

பிளாஸ்கில் மிச்சமிருந்ததை மூன்று பேரும் மாறி மாறிக் குடித்தோம். அது முடியும்வரை நின்றோம்.